சாய்வு எந்தப் பக்கம்

என்னக்கா அப்படிப் பாக்கிய? லைஃப் ஜாக்கெட்டுதான். கடல்ல விழுந்தா மிதக்கப் போடுவாவள்லா, அது. பஸ்ல எதுக்குப் போட்டுட்டு உக்காந்திருக்கான்னுதான பாக்கிய? கேளுங்க, சொல்லுதேன். கேக்காட்டாலும் சொல்லுவேன்.

அந்தா முன்னாடி நிக்காருல்லா கண்டக்டர், அவருதான் காரணம். ஏறும்போது கையிலதான் வச்சிருந்தேன். "லக்கேஜும்மா, பின்னாடி கொண்டு போடு"ன்னாரு. "உடம்புல போடுற சாமான் எப்படி சார் லக்கேஜ் ஆகும்? நீங்க போட்டிருக்க காக்கிச் சட்டை லக்கேஜா?"ன்னு கேட்டேன். "அப்ப உடம்புல போடு"ன்னுட்டாரு. போட்டுட்டேன். புழுங்கத்தான் செய்யுது, முதுகெல்லாம் ஊத்துது. ஆனா இப்பக் கழட்டுனா அவரு சொன்னது சரின்னு ஆயிருமேக்கா.

நீங்க எங்க இறங்கணும்? திருநெல்வேலிதான? நல்லது. பாதில இறங்குற ஆளுகிட்ட நியாயம் கேக்க முடியாது.

இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. வேர்வையச் சொல்லல, வெளிப்பக்கம். உப்பு இருக்கா? ஈரம் இருக்கா? ஒரு சொட்டுக் கிடையாது. கோடை லீவு முழுக்க ஒரு படகுக்காக உழைச்சவ போட்டிருக்க ஜாக்கெட்டு இது. இன்னைக்குக் காலைல அந்தப் படகு கடல்ல இறங்குச்சு. நான் இறங்கல. இதான் என் வழக்கு.

என் பேரு பிரம்மசக்தி. திருநெல்வேலில லா படிக்கேன். ஹாஸ்டலுக்குத்தான் போறேன். எதிர்த்தரப்பு பேரு டெல்சி. பள்ளிக்கூடத்துல இருந்தே ஒரே பெஞ்சு. இப்ப தூத்துக்குடில போட் இன்ஜின் ஒர்க்‌ஷாப்புல வேலை பாக்கா. எங்களுக்குள்ள இதுவரைக்கும் சண்டையே வந்ததில்ல. நான் போடுவேன், அவ போட மாட்டா. "சரிட்டி"ன்னுருவா. என்ன சொன்னாலும் சரிட்டி. அப்படிப்பட்டவ செஞ்ச காரியத்தைக் கேளுங்க.

என்சிசில நேவல் விங்னு ஒண்ணு இருக்கு. பாய்மரப் படகு ஓட்ட அங்கன சொல்லிக் குடுப்பாவ. ரெண்டு பேரும் சேந்தோம். அவ கடைசி வரைக்கும் இருந்து கத்துக்கிட்டா. நான் ரெண்டாவது வாரம் வெளிய வந்துட்டேன். வெளிய அனுப்புனாவன்னு அவ சொல்லுவா. படகுல இருக்கும்போது அந்த ஆபீசரு "இடது பக்கம் உக்காரு"ன்னாரு. ஏன் இடதுன்னு கேட்டேன். தெரிஞ்சுக்கிடத்தான கேட்டேன்? அவர் பதில் சொல்லுததுக்குள்ள பாய்க்கட்டை திரும்பி ஒரு பையன் மண்டைல அடிச்சிருச்சு. அதுக்கு நான் பொறுப்பா? பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டது யாரு?

விடுங்க, அது பழைய கேஸு.

இந்தப் பங்குனில ஏர்வாடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு ஜெனரேட்டர் பாக்கப் போயிருக்கா டெல்சி. ரிசார்ட்ட மூடப் போறாவ. பின்னாடி தென்னைக்குக் கீழ ஒரு குட்டிப் பாய்மரப் படகு, டிரெய்லர் மேலயே கெடக்கு. உள்ள மழைத்தண்ணியும் தவளையும். ஓனரு, "எடுத்துட்டுப் போறதுன்னா போம்மா, இடம் காலியானாப் போதும்"னுருக்காரு. எனக்குப் போன் போட்டா. "பிரம்மு, நமக்கு ஒரு படகு கெடச்சிருக்குட்டி"ன்னா. நமக்கு. அந்த வார்த்தைய நல்லா ஞாபகத்துல வச்சுக்கிடுங்க, பின்னாடி வேணும்.

சாதாரண வள்ளம் மாதிரி இல்லக்கா அது. அடி வயித்துல இருந்து ஒரு இரும்புப் பலகை கீழ இறங்கி நிக்கும், சுறா முதுகுல துடுப்பு இருக்கும்லா, அதைத் தலைகீழாத் திருப்புன மாதிரி. கீல்னு சொல்லுவாவ. பாய் காத்துல சாயும்போது படகு கவுந்துராம அந்தக் கனம்தான் இழுத்துப் பிடிக்கும். தண்ணில அழகு. தரையில பெருந்தொல்லை. வள்ளம்னா மணல்ல இழுத்துட்டுப் போயிரலாம். இதை நிமுத்தி வைக்கவே டிரெய்லர்ல சட்டம் அடிச்சு அண்டக் குடுக்கணும்.

இழுத்துட்டு வர காஜா அண்ணன் ஜீப்பப் பிடிச்சோம். ஐஸ் பெட்டி ஏத்துற ஜீப்பு. நல்ல மனுஷன், ஆனா பயந்தாங்கொள்ளி. ஏர்வாடில இருந்து கிளம்பி கொஞ்ச தூரம் கூட ஆகல, ஓரமா நிப்பாட்டி, இறங்கிப் போயி, டிரெய்லர் சக்கரத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்காரு. கிளம்புனா மறுபடி நிப்பாட்டுதாரு, மறுபடி தொடுதாரு. "என்னண்ணே, சக்கரத்துக்குக் காய்ச்சலா?"ன்னேன். "ரொம்ப நாளா நின்ன வண்டிம்மா, பேரிங் சூடாவும்"னாரு. "இப்படி நின்னு நின்னு போனா பொழுது இறங்கிரும், சும்மா விடுங்க"ன்னு நாலு பாயிண்ட் எடுத்துச் சொன்னேன். விட்டாரு. சாயல்குடி தாண்டுனதும் சக்கரத்துல புகை. ரோட்டுல அப்படியே இறுகி நின்னுருச்சு.

டெல்சி என்னைப் பாக்கா. என்னை ஏன் பாக்கணும்? நான் ஒரு கருத்துச் சொன்னேன். ஓட்டுறவரு அவருல்லா. கருத்துச் சொன்னா அதுக்குக் கட்டுப்படணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அவரு என் பேச்சக் கேட்டதுதான் தப்பு. அதை அவர்கிட்டயே சொன்னேன். "ஆமாம்மா, தப்புதான்"னுட்டு, சாயல்குடிக்கு நடந்து போயி பேரிங் வாங்கிட்டு வந்தாரு. ஒத்துக்கிட்டாருல்லா. அந்தக் குணம் இருக்கு அவருக்கு.

பொறவு செக்போஸ்ட்டு. ஒரு போலீஸ்காரரு டார்ச்ச வச்சு படகுக்கு அடில எல்லாம் குனிஞ்சு பாக்காரு. "இது என்ன வண்டி? பேப்பர் எங்க?"ன்னாரு. நான் இறங்குனேன். "சார், இது வண்டியே கிடையாது. மோட்டார் இருந்தாத்தான் மோட்டார் வாகனம். இது காத்துல ஓடும்"னேன். அவரு, "அப்பக் காத்துல ஓட்டிட்டுப் போங்க, ரோட்டுல எதுக்குக் கொண்டு வாரிய?"ன்னாரு. விடுவேனா நான். டிரெய்லர்னா என்ன, சரக்குன்னா என்ன, பயணம்னா என்னன்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். அவரு சேரை எடுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. "நீ பேசும்மா, எனக்குக் காலைல வரைக்கும் டூட்டி"ன்னாரு.

அதுக்குள்ள டெல்சி டீ வாங்கிட்டு வந்து அவர் கையில குடுத்து, "நீங்க உவரியா சார்? பேச்சு உவரிப் பேச்சா இருக்கு"ன்னா. ஆமான்னாரு. இவ அம்மா ஊரும் அதான். கொஞ்ச நேரத்துல அந்தாளு படகச் சுத்திச் சுத்தி வந்து, "பாய் எங்க கட்டுவிய? எங்க சித்தப்பா கட்டுமரத்துல பாய் வச்சிருந்தாரு"ன்னு கதை சொல்லுதாரு. போயிட்டு வாங்கன்னு கயித்தத் தூக்கிட்டாரு. என் பாயிண்ட்டுக்குப் பதில் இல்லாமத்தான் விட்டாருக்கா, வேற என்ன? டீக்கு யாராவது விடுவாவளா?

தூத்துக்குடில ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி தகரக் கொட்டாய் போட்டு வேலைய ஆரம்பிச்சோம். ஃபைபர் முழுக்க அம்மை போட்ட மாதிரி கொப்புளம். ஒவ்வொண்ணையும் குத்தித் திறந்து, கழுவி, காய வச்சு, ரெசின்னு ஒரு பிசின் பூசணும். ரெசின்ல ஹார்டனர் கலக்கணும், அப்பத்தான் இறுகும். டெல்சி மூடிக்கு மூடி அளந்து ஊத்துதா. சித்திரை வெயிலு, எப்ப முடிக்க? "கூட ஊத்துனா சீக்கிரம் இறுகும்லா, லாஜிக்தான?"ன்னேன். "சரிட்டி, அந்தச் சின்ன வாளில மட்டும் ஊத்திப் பாரு"ன்னா. ஊத்துனேன். சீக்கிரம் இறுகுச்சு. வாளி புகைஞ்சு, பிரஷ்ஷோட கல்லாயிருச்சு. நான் சொன்னது நடந்துச்சா இல்லையா? இப்பவும் அந்த வாளியத்தான் கதவு காத்துல அடிக்காம முட்டுக் குடுத்து வச்சிருக்கா. பிரஷ்ஷு நட்டமா நிக்குது.

அதுக்குப் பொறவு எனக்குத் தேய்க்கிற வேலை. உப்புத்தாள வச்சு அடி முழுக்கத் தேய்க்கணும். ஃபைபர் தூசி பறக்கும்லா, அதனால மாஸ்க்கு. மாஸ்க்கப் போட்டுக்கிட்டு ஒரு வார்த்தை பேச முடியாது. லீவு முழுக்க எனக்கு அதே வேலை, அவளும் காஜா அண்ணனும் மத்த வேலை. ஐஸ் லோடு இல்லாத நாளெல்லாம் அவரு வந்துருவாரு, அந்தப் படகு மேல அவருக்கும் ஒரு இது. இந்த முழங்கையப் பாருங்க. ஃபைபர் முள்ளு ஏறி இன்னும் அரிக்குது. அந்தப் படகோட அடிவயித்துல என் கை படாத இடம் ஒரு சாண் கிடையாது. கண்ண மூடிட்டுத் தடவுனா எங்க எந்தக் கொப்புளம் இருந்துச்சுன்னு சொல்லுவேன். அவ சொல்லுவாளா? கேட்டுப் பாருங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாரேன். கீலு. துருவச் சுரண்டணும்னு, கனம் தூக்குற செயின் பிளாக்கு போட்டு அதைத் தனியாக் கழட்டியிருந்தோம். மறுபடி மாட்டணும். அதுக்கு ரெண்டு ஓரம். ஒரு ஓரம் நேரா நட்டமா இருக்கும், இன்னொரு ஓரம் சாய்வா இருக்கும். போல்ட்டு ஓட்டை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, எப்படித் திருப்பி வச்சாலும் பொருந்தும். சாய்வு எந்தப் பக்கம் வரணும்? கழட்டும்போது குறிச்சு வைக்கல. நான் குறிச்சு வைக்கச் சொல்லலையான்னு கேக்காதிய, அன்னைக்கு நான் ஃபீஸ் கட்ட காலேஜுக்குப் போயிருந்தேன்.

டெல்சி, சாய்வு முன்னாடின்னா. "பாசியோ வலைக்கயிறோ வந்தா மாட்டாம சறுக்கிட்டுக் கீழ போகணும்லாட்டி"ன்னா. அவ்வளவுதான் அவ வாதம். ஒத்த வரி. நான் விடல. "தண்ணியக் கிழிச்சுட்டுப் போகணும்னா கத்தி மாதிரி நேராத்தான் நிக்கணும். சாய்வ முன்னாடி வச்சா சறுக்குப் பலகை மாதிரி படகு மேல ஏறிரும். சாய்வு பின்னாடிதான்"னேன். ஒரு மத்தியானம் பூரா பேசுனேன்க்கா. மீன் வாலு, பிளேனு, அருவா, எல்லாத்தையும் சாட்சிக்கு இழுத்தேன். காஜா அண்ணன் லோடு இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. கடைசில டெல்சி கையத் தொடச்சுக்கிட்டு, "சரிட்டி"ன்னா. நான் சாக்பீஸ் எடுத்து நேரான ஓரத்துல "முன்"னு பெரிசா எழுதுனேன். சாயந்தரம் காஜா அண்ணன் திரும்பி வந்ததும் என் கண்ணு முன்னாடியே மாட்டி முறுக்குனாவ. ஜெயிச்சேன்லா. அன்னைக்கு மாதிரி நல்லாத் தூங்குன நாளே கிடையாது.

மறுநாள் போறேன், ரெண்டு பேரும் செத்த பொணமா உக்காந்திருக்காவ. காஜா அண்ணன் கொட்டாவி விட்டே தாடையக் கழட்டிக்கிடுவாரு போல. டெல்சி விரல்ல துணி சுத்தியிருக்கா. போல்ட்டுல எல்லாம் புதுக் கிரீஸு. "என்னாச்சு?"ன்னேன். "கொஞ்சம் லூசா இருந்துச்சு, டைட் பண்ணோம்"னா. அடியில சிவப்புப் பெயிண்ட் வேற அடிச்சு முடிச்சுட்டாவ. என் சாக்பீஸ் எழுத்து போயிருச்சு. அன்னைக்கு நாளெல்லாம் என்னை மேல்தளத்துலயே தேய்க்க வச்சா, கீழ இறங்க விடல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் டைட் பண்ண வந்திருப்பேன்லா? இப்படித்தான்க்கா என்னை ஒவ்வொண்ணுலயும் ஒதுக்குனாவ.

இன்னைக்குக் காலைல கிரேன வச்சு இறக்குனோம். பெல்ட்டுல மாட்டி அப்படியே ஆகாசத்துல தூக்குனான். தண்ணி சொட்டாத படகு, வெள்ளையும் சிவப்புமா, ஆடிக்கிட்டு. அண்ணாந்து பாத்துட்டே நானும் கூடவே நடந்தேன். பெயிண்ட் அடிச்சதுக்குப் பொறவு கீல இன்னைக்குத்தான் முழுசாப் பாக்கேன். சாய்வு அழகா முன்னாடி வளைஞ்சு இறங்குது. பக்கத்துல வலை தைச்சுக்கிட்டிருந்த அண்ணாச்சிக்கு நானே விளக்கிச் சொன்னேன். "பாத்தியளா, சாய்வு முன்னாடி இருக்கதுனால பாசி, கயிறு எது வந்தாலும் மாட்டாது, சறுக்கிட்டுப் போயிரும். நேரான பக்கத்த முன்னாடி வச்சிருந்தா அம்புட்டும் மாட்டிக்கிடும். நான் ஆரம்பத்துலயே சொன்னேன்"னேன். அவரு தலைய ஆட்டுனாரு. விஷயம் தெரிஞ்ச ஆளு.

படகு மிதந்துச்சுக்கா. ஒழுகல. நான் தேச்ச இடத்துல ஒரு பொட்டுத் தண்ணி உள்ள வரல. பாய் கட்டுனோம். சிவப்பு மிதவை வரைக்கும் போயிட்டுத் திரும்பணும், அதுக்கு டெல்சி பெர்மிஷன் வாங்கியிருந்தா. ரெண்டு பேர் போற படகு. நமக்குன்னு சொன்னாள்லா, அந்த ரெண்டு. நான் ஜாக்கெட்ட மாட்டி, கிளிப்பெல்லாம் போட்டு, ஒரு கால உள்ள வச்சுட்டேன். ஒரு கால் படகுல, ஒரு கால் படியில.

டெல்சி சுக்கானப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. "பிரம்மு, ஒண்ணே ஒண்ணு. நான் மாறுன்னா நீ உடனே அந்தப் பக்கம் மாறி உக்காரணும். காத்து நமக்காக நிக்காது. ஏன்னு கேக்கணும்னா கரைக்கு வந்து கேளு. எவ்வளவு வேணும்னாலும் கேளு."

நீங்களே சொல்லுங்க. என்ன கேக்கத் தோணும்?

"ஏன் கரைக்கு வந்துதான் கேக்கணும்?"னு கேட்டேன்.

அவ கோவப்படல. கோவப்பட்டிருந்தாக் கூட நான் ஒரு வழி பண்ணியிருப்பேன். என் காலப் பாத்தா, உள்ள இருக்க காலு. பொறவு எனக்குப் பின்னாடி பாத்து, "காஜா அண்ணே, நீங்க ஏறுங்க"ன்னா.

நானா கால எடுத்துட்டேன். அவ எடுக்கச் சொல்லல, அதையும் பதிவு பண்ணிக்கிடுங்க. காஜா அண்ணனுக்கு நீச்சல் தெரியாதுக்கா. குளத்துல முழங்காலுக்கு மேல இறங்க மாட்டாரு. லுங்கிய மடிச்சுக் கட்டி, இன்னொரு ஜாக்கெட்டத் தொப்பைக்கு மேல இழுத்துக் கட்டிக்கிட்டு, ஒரு கையால தொப்பியப் பிடிச்சுட்டுப் போயி உக்காந்தாரு. கிளம்பிட்டாவ.

கரையில நின்னு பாத்தேன். பாய் ஒரு தடவ படபடன்னுட்டு, பொறவு சத்தம் போடாம நிறைஞ்சிருச்சு. படகு ஒரு பக்கமாச் சாஞ்சு போகுது, சாயுதே தவிர கவுழல. டெல்சி என்னமோ சொல்லுதா, காஜா அண்ணன் குனிஞ்சு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போறாரு. மறுபடி சொல்லுதா, மறுபடி போறாரு. ஒரு கேள்வி கிடையாது. செம்மறியாடு கூட நின்னு பாக்கும். நான் படியில நின்னு, "பாயை இன்னும் இழு"ன்னு கத்துனேன். காத்து அங்க இருந்து இங்க அடிக்கு, அவுகளுக்குக் கேக்கல. வலை தைச்ச அண்ணாச்சிதான், "எனக்குக் கேக்குதும்மா"ன்னாரு.

திரும்பி வந்தாவ. காஜா அண்ணன் மூஞ்சி எல்லாம் உப்பு, சின்னப் புள்ள மாதிரி சிரிக்காரு. "தங்கச்சி, நீ தேச்ச படகு வெண்ணெய் மாதிரி போகுதும்மா"ன்னாரு. எனக்கு அழுகை வந்துச்சு, வெயில்னு சொல்லிட்டேன். டெல்சி கயித்தக் கட்டிட்டு வந்து, "ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். இடம் உனக்குத்தான். ஆனா சொன்னது சொன்னதுதான்"னா. நான் நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

நான் விடப் போறதில்லக்கா. நோட்டீஸ் அனுப்பப் போறேன். "நமக்கு"ன்னு சொன்னாள்லா, அப்ப அது கூட்டுச் சொத்து. பாகம் பிரிக்கணும். பிரிச்சுத்தான் பாக்கட்டுமே. சுக்கானும் பாயும் அவ எடுத்துக்கிடட்டும், கீலு எனக்கு. கீல் இல்லாம எப்படி ஓட்டுவா? அதுவும் நான் வாதாடிச் சரியா மாட்ட வச்ச கீலு.

என்னது?

முதல்ல சாய்வு பின்னாடின்னு சொன்னேனா? யாரு, நானா? எப்பச் சொன்னேன்? கத்தி மாதிரி நேரா... ஆமா, கத்தி சொன்னேன். அருவாளும் சொன்னேன். அது வந்து... பஸ் சத்தத்துல உங்களுக்கு... இல்ல, நல்லாத்தான் கேட்டிருக்கு உங்களுக்கு.

கொஞ்சம் இருங்க.

அது எவ்வளவு கனம் தெரியுமாக்கா அந்த இரும்பு? செயின் பிளாக்கு இருந்தாலும் இறக்கி, திருப்பி, ஏத்தி, போல்ட்ட முறுக்கி... ரெண்டு பேரால அது... விரல்ல துணி சுத்தியிருந்தா.

டைட் பண்ணோம்னா.

வல்லநாடு வந்துருச்சா? இந்த சன்னல இன்னும் கொஞ்சம் திறங்க. புழுங்குது. இருங்க, இந்தக் கிளிப்ப எடுத்து விடுங்க, இறுகிருச்சு, எனக்கு வரல. கழட்டிருதேன். கண்டக்டர் பாத்தாப் பாக்கட்டும். சார், இந்தாங்க, இதைப் பின்னாடி போட்டுக்கிடுங்க. ஆமா சார், லக்கேஜுதான். ஒண்ணும் ஆகல சார், வாங்கிக்கிடுங்க.

ஒரு போன் மட்டும் பேசிக்கிடுதேன். நீங்க ஒட்டுக் கேக்கலாம், பரவால்ல.

ஏ டெல்சி. நான்தான். வல்லநாட்டுக்கிட்ட வாரேன். சாப்பிட்டியா? விரல் எப்படி இருக்கு? இல்ல, சும்மாக் கேட்டேன். அன்னைக்கு அடிபட்ட விரலு. சரி, அதை விடு. ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு? அஞ்சரைக்கா? விடியக்காலமா? ஏ...

ஒண்ணும் இல்ல, இருமலு. வாரேன்.

பாத்தியளாக்கா, ஏன்னு கேக்கல. நீங்கதான் சாட்சி.

ஆனா, அவ்வளவு காலைல எதுக்குப் போகணும்? உங்களுக்கு ஏதும் தெரியுமா?